மாலையில் கீழே கிடந்த கோடு

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் குடியிருப்பில் அவசரக் கமிட்டி கூடியது. பேச இருந்தது ஒரே விஷயம்தான் — பி பிளாக் இசக்கியம்மாள் இட்லி மாவு அரைத்து விற்பதை நிறுத்தச் சொல்வது.

இசக்கி திருநெல்வேலிப் பக்கம். கணவருக்கு விழிஞ்ஞத்தில் கட்டட வேலை... இருந்தால் உண்டு. இவர் அரைக்கும் மாவு ஆரியசாலைக் கடைகளுக்குப் போகிறது. அதில்தான் வாடகை. மாவு நின்றால்? ஊருக்கு பஸ் ஏற வேண்டியதுதான்.

குற்றம் என்ன? தண்ணீர்.

மொட்டைமாடியில் ஏ பிளாக்குக்கு ஒரு டேங்க், பி பிளாக்குக்கு ஒரு டேங்க். அகலம் ஒன்றுதான், ஏ மட்டும் உயரம். நீர்மட்டம் பார்க்க இரண்டிலும் கருவி வைத்திருக்கிறோம். காலையில் மோட்டார் நின்றதிலிருந்து மாலை வரை மட்டம் எப்படி இறங்குகிறது என்று ஆப் ஒரு கோடு போடும். நடுவில் வரும் மேடுபள்ளங்களை அதுவே இழைத்து நேராக்கிவிடும். நல்ல ஆப். மனிதர்களுக்கும் இப்படி ஒன்று இருந்தால் தேவலை.

எங்கள் பொருளாளர், வெளிநாட்டிலுள்ள மகளைப் பார்க்க விமானம் ஏறும் அவசரத்தில், அந்தப் படத்தை வாட்ஸ்அப் குரூப்பில் தட்டிவிட்டுப் போனார். ஒரு சிவப்புக் கோடு, ஒரு நீலக் கோடு. எது எந்த பிளாக்? எழுதவில்லை. போனும் எடுக்கவில்லை.

செக்ரட்டரி மோகனசந்திரனுக்கு அதெல்லாம் தேவைப்படவும் இல்லை. மலையாளியான அவர் எங்களோடு பேசத் தனியாக ஒரு தமிழ் வைத்திருக்கிறார்.

"இதில எந்தா சம்சயம், சாரே? பி டேங்க் சின்னது. சாயங்காலம் அடியில கிடக்கறது சிவப்பு. அப்போ சிவப்புதான் பி. எப்படிக் குத்தனே இறங்குது பாருங்கோ! கிராஃப் பொய் பறையுமோ?"

"ஒரு கிரைண்டரு மாவுக்குக் கரமனை ஆத்தையா ஊத்துதேன்?" என்றார் இசக்கி. யாரும் சிரிக்கவில்லை. கைகளைத் தூக்கத் தயாராக இருந்தார்கள்.

ஓட்டெடுப்புக்கு முன் கேள்வி கேட்க உறுப்பினருக்கு உரிமை உண்டு. சர்வீஸில் இருந்தபோது பல நல்ல தீர்மானங்களை இப்படித்தான் கெடுத்திருக்கிறேன்.

"காலையில மோட்டார் நின்னதும் ரெண்டு டேங்கும் நெறஞ்சிருக்குமா?" என்று செக்ரட்டரியைக் கேட்டேன்.

"நெறஞ்சு வழியும்."

"அப்போ எதுல மட்டம் உசரம்?"

"நம்ம ஏ-யிலதான்."

"சரி. இப்ப படத்துல இடது ஓரத்தைப் பாருங்க. மேல ஆரம்பிக்கிறது எந்தக் கோடு?"

செக்ரட்டரி கண்ணாடியைத் துடைத்தார். படத்தைப் பெரிதாக்கினார். பிறகு மெதுவாக, "சிவப்பு" என்றார்.

அவ்வளவுதான். பள்ளிக்கூடத்தில் y வெட்டுத்துண்டு, சாய்வு என்று படித்தோமே — ஒரு கோடு எங்கே தொடங்குகிறது, எவ்வளவு செங்குத்தாகச் சரிகிறது... இந்த இரண்டும் போதும், அதை அடையாளம் காண. மேலே தொடங்கிய சிவப்பு வேகமாகச் சரிந்து, மத்தியானம் நீலத்தை வெட்டிக்கொண்டு கீழே போயிருக்கிறது. மாலையில் பார்த்தவர்களுக்கு வரிசை மாறியது தெரியவில்லை. மாவு அரைக்கும் பி பிளாக்கின் கோடு, பூனைபோல மெல்ல இறங்கிக்கொண்டிருக்கிறது.

"அப்போ நான் மாவு அரைக்கலாமா?" என்றார் இசக்கி.

"நீ அரைம்மா" என்றேன். தலைவர் சொல்ல வேண்டியது. முறைப்படி தவறுதான்.

இரண்டு பிளாக்கிலும் வீடுகள் சமம். பிறகு ஏ பிளாக்கின் தண்ணீர் எங்கே போகிறது? மறுநாள் பிளம்பர் வந்து ஏ பிளாக் சுவரோரம் தோண்டினார். மண்ணுக்குள் பைப் ஜாயின்ட் விட்டுப்போய் ஒழுகிக்கொண்டிருந்தது — செக்ரட்டரியின் வாழைக்கு நேர் கீழே. 'கையால ஒரு சொட்டு வெள்ளம் ஊத்தல, சாரே' என்று கோடை முழுக்க அவர் பெருமையடித்த அதே வாழை!

நாம் ஆட்களையும் இப்படித்தானே பார்க்கிறோம்? மாலையில் யார் கீழே இருக்கிறார் என்று மட்டும். எங்கே தொடங்கினார், எவ்வளவு நிதானமாகத் தாக்குப்பிடிக்கிறார்... அதையெல்லாம் யார் பார்க்கிறார்கள்?

மினிட்ஸில் 'தொழில்நுட்பக் கோளாறு சரிசெய்யப்பட்டது' என்று மட்டும் எழுதினார்கள். மன்னிப்பு என்ற சொல் இல்லை. ஆனால் குலை பழுத்ததும் முதல் சீப்பு பி பிளாக்குக்கு ஏறிப்போனதை நான் பார்த்தேன்.

முறைப்படி, அதற்கும் ஒரு தீர்மானம் வேண்டும். நான் கேட்கவில்லை.