மொட்டைக் குடும்பத்தின் கடற்கரைப் படம்

இன்று மாலை திருப்பதியிலிருந்து நகரிக்கு வந்த ரயிலில், எனக்கு எதிரே ஒரு வடநாட்டுக் குடும்பம். அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள். நாலு மொட்டை, நாலிலும் சந்தனம்.

அந்த அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு இந்தியில் கேட்டார்: "பத்திரமா கரையேறிட்டியாம்மா? அன்னைக்கு உன்னை ரொம்ப நேரம் தேடினோம்."

நான் கடலையே பார்த்ததில்லை என்று பள்ளிக்கூட இந்தியில் சொன்னேன்.

அவர் போனை நீட்டினார். போன வாரம் சென்னைக் கடற்கரையில் எடுத்த படம். எல்லாரும் தலைமுடியோடு இருந்ததால் அவர்களில் ஒருவரையும் எனக்கு அடையாளம் தெரியவில்லை.

பின்னால் இடுப்பளவுத் தண்ணீரில் நின்றவளை மட்டும் அடையாளம் தெரிந்தது. என் முகம். பச்சைச் சுடிதார். அதன் கழுத்தோரம் நான் கையால் தைத்த மஞ்சள் பூவேலை.

அந்தச் சுடிதாரை நேற்றுதான் தைத்து முடித்தேன், நாளை தோழிகளோடு முதல்முறையாகக் கடல் பார்க்கப் போவதற்கு. இன்னும் போட்டுக்கூடப் பார்க்கவில்லை.

வீட்டில் சொன்னதும் நைனா சிரித்தார். "உன்ன மாதிரி எவளோ நின்னுகினு இருந்திருப்பா. ஒரு மாசமா கெஞ்சிக்கினு இருந்தியே, போய்ட்டு வா. பயமா இருந்தா வேற துணி போட்டுக்கோ."

வேறு துணி எடுத்து வைத்தேன். அப்போதுதான் தோழிகளின் குழுவில் செய்தி வந்தது: நாளைக்கு எல்லாரும் பச்சை.

என்னிடம் இருக்கும் பச்சை அது ஒன்றுதான். நீங்களாக இருந்தால் அவர்களிடம் என்ன சொல்வீர்கள்?