இறக்கையில் படிந்த குருணை

என் நோட்டுப் புத்தகங்களில் ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் ஆங்கிலத் தேதி, தமிழ் மாதம், கிழமை மூன்றும் இருக்கும். நன்னிலத்தில் எங்கள் அரிசி மில்லில் அன்றன்றைய நெல்லின் ஈரப்பதத்தை எழுதிப் பழகிய கை.

ஊரில் பலர் குவைத்துக்கும் துபாய்க்கும் புறப்பட்ட ஆண்டுகளில், கருவியியல் டிப்ளமோ முடித்திருந்த எனக்குக் குளிர் நாடொன்றின் ஆராய்ச்சி விமானத்தில் வேலை கிடைத்தது. மேகத்துக்குள் பறந்து, விமானத்தின்மேல் பனிக்கட்டி எப்படிப் படிகிறது என்று அளப்பது எங்கள் குழுவின் பணி. இறக்கைக்கடியில் ஒரு சிறிய உலோகக் குச்சி நீட்டிக்கொண்டிருக்கும். அது ஓயாமல் அதிரும். பனி படிந்து கனத்தால் அதிர்வு குறையும். அந்தக் குறைவை வைத்துப் படிந்த பனியை அளப்போம். ஓரளவு சேர்ந்ததும் உள்ளே இருக்கும் ஹீட்டர் பனியை உருக்கிவிடும். குச்சி மறுபடி தொடங்கும். அந்தக் குச்சி என் பொறுப்பு.

பறக்கும்போது ஜன்னல் வழியே இறக்கையைப் பார்த்து, பனியின் தோற்றத்தையும் எழுத வேண்டும். எனக்கு ஐஸ் என்றால் மீன் கடையில் மரத்தூளுக்குள் கிடந்த பாளம்தான். விமானம் குலுங்கும் அவசரத்தில் கைக்கு வந்த சொல்லை எழுதினேன். வெள்ளையாகப் பொரபொரவென்று ஒட்டியிருந்தால் 'குருணை'. கண்ணாடிபோல் வழிந்து, சற்றுப் பின்னால் போய் உறைந்தால் 'கஞ்சி'. தரையிறங்கியதும் ஆங்கிலத்தில் நல்ல பிரதி எழுதித் தருவேன்.

மில்லை நடத்தும் அண்ணனிடம் இதைத் தொலைபேசியில் சொன்னேன்.

"ஏம்மா, அவ்ளோ தூரம் போயி ஆகாசத்துலயும் குருணைதான் பொறுக்குறியா?"

"கஞ்சியும் இருக்குண்ணே."

"அப்ப ஊறுகா அனுப்பி வைக்கட்டுமா?"

தை மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை. எங்கள் தலைமை விஞ்ஞானி அதிகம் பேசாத பெண்மணி. காலைக் கூட்டத்தில் இரண்டு வரைபடங்களைப் அருகருகே வைத்தார். மேகத்தில் நீர் நிறைய இருந்ததாக ஒரு கருவி சொன்னது. என் குச்சியோ பனி கொஞ்சம்தான் என்றது. பல பறப்புகளில் இதே கதை. குச்சி பழுது, அதைக் கழற்றிவிட்டு அந்தக் குளிர்காலத்தின் பதிவு முழுவதையும் ஒதுக்கிவிடலாம் என்றார். ஒவ்வொரு பறப்புக்கும் முன் அதைத் துடைத்துச் சோதித்தவள் நான். ஒப்பந்தம் முடிய ஒரு மாதம் இருந்தது. பழுதைக் கவனிக்காதவள் என்ற பெயரோடு ஊர் திரும்ப எனக்கு மனமில்லை.

மூல நோட்டைத் திறந்தேன். அப்போதுதான் என் தவறு தெரிந்தது. குருணை, கஞ்சி என்றெல்லாம் சொன்னால் சிரிப்பார்கள் என்று, நல்ல பிரதியில் இரண்டுக்கும் வெறும் 'பனி' என்றே எழுதியிருந்தேன். நோட்டிலோ, குச்சி குறைத்துக் காட்டிய நேரங்களுக்கு எதிரே எல்லாம் 'கஞ்சி' என்று இருந்தது. 'குருணை' என்று எழுதிய இடங்களில் இரண்டு கருவிகளும் ஒத்துப்போயின.

பிரதியில் விட்டதை முதலில் ஒப்புக்கொண்டேன். பிறகு விளக்கினேன். குளிர் போதாதபோது குச்சியில் படும் நீர் முழுவதும் உறைவதில்லை, ஒரு பகுதி வழிந்து போய்விடுகிறது. குச்சிக்குத் தெரிவது தன்மேல் உறைந்தது மட்டும்தான். அது பொய் சொல்லவில்லை.

அவர் தேதி தேதியாகக் கேட்டார். நான் வாசித்தேன். ஒவ்வொன்றையும் வெப்பநிலைப் பதிவோடு ஒப்பிட்டுப் பார்த்தார். மதியம் ஆயிற்று. கடைசியில், குச்சி இருக்கட்டும், பதிவு அட்டவணையில் பனியின் தோற்றத்துக்கென்று ஒரு பத்தி கூட்டுங்கள் என்றார். அந்தப் பத்தியில் என்ன சொற்கள் போடுவது என்று கேட்டேன். நோட்டில் உள்ளவற்றையே போடச் சொல்லி, உச்சரிப்பை இரண்டு முறை கேட்டுக்கொண்டார். கஞ்சி அவருக்குச் சுலபமாக வந்தது. குருணைதான் வரவில்லை.

அன்றே மில்லுக்குப் போன் போட்டுச் சொன்னேன். அண்ணன் கேலி செய்வார் என்று காத்திருந்தேன். ரிசீவரைக் கீழே வைக்காமலே அவர் மில் ஆட்களிடம் சொன்னது எனக்குக் கேட்டது.

"மிஷினக் கொஞ்சம் நிறுத்துங்க. தங்கச்சி என்ன சொல்லுதுன்னு வந்து கேளுங்க."