என் வேதாகமத்தில் இல்லாத மீன்

என் புரட்டஸ்தாந்து வேதாகமத்தில் அறுபத்தாறு ஆகமங்கள். முல்லைத்தீவில் நான் கலியாணம் செய்த கத்தோலிக்க வீட்டு வேதாகமத்தில் எழுபத்துமூன்று. கணக்கு வாத்தியாரான நான் மோதிரம் மாற்றுவதற்கு முன்பே அதை எண்ணிப் பார்த்துவிட்டேன். மிச்சமுள்ள ஏழு ஆகமங்களால் தொல்லை வரும் என்று மட்டும் நினைக்கவில்லை.

அது ஐம்பதுகளின் கடைசி. மனைவியின் தகப்பனாருக்குக் கண் மங்கி, கடலுக்குப் போவதை விட்டிருந்தார். பின்னேரங்களில் கோயில் உபதேசியார் வந்து அவருக்கு வேதம் வாசிப்பார். உபதேசியார் மாமாவின் தங்கை மகன். ஒருகாலத்தில் என் மனைவிக்கென்று பேசியிருந்தவர். மாமா கேட்பது எப்போதும் ஒரே கதைதான். மகன் ஆற்றில் பிடித்த மீனின் பித்தத்தைப் பூசித் தகப்பனின் குருட்டுக் கண்ணைத் திறக்கும் கதை. அது அந்த ஏழுக்குள் இருந்தது.

அவர் வாசிக்கத் தொடங்கினால் குசினியில் சத்தம் நின்றுவிடும். என் மனைவி ஈரக் கையோடு வாசலில் வந்து நிற்பாள். நான் என் வேதாகமத்திலிருந்து சங்கீதம் வாசிக்கும்போது தேங்காய் துருவுகிறவள் அவள்.

ஒருநாள் அவர் போனபிறகு சொன்னேன். "அது வேதமில்லை. யூதரின்ரை எபிரேயப் புத்தகங்களுக்கை அது இல்லை. கிரேக்கத்திலை கிடந்ததைச் சபைகள் கூடிச் சேர்த்தது. லத்தீனிலை மொழிபெயர்த்தவரே அதிலை சந்தேகப்பட்டவர்."

"அப்ப உங்கட அறுபத்தாறையும் ஆர் சேர்த்தது?" என்றாள்.

"அது கடவுள் நினைச்சபடி சேர்ந்தது."

"எங்கட ஏழும் மட்டும் மனிசர் சேர்த்ததாக்கும்."

மாமா கதிரையிலிருந்து சிரித்தார். "தம்பி, ஆயிரம் வருசத்துக்கு மேலை கோயிலிலை வாசிச்சதைப் பிறகு வேண்டாமெண்டு தள்ளச் சொல்லிக் கடவுள் ஆரிட்டைச் சொன்னவர்?"

என்னிடம் மூன்று நியாயங்கள் தயாராக இருந்தன. ஆனால் என்னைக் குடைந்தது வேறு. கதை நன்றாக இருந்தது. அதை இன்னொருவன் என் வீட்டில் வாசித்தான். கடவுள் அதை வேண்டாமென்றுதான் நினைத்திருந்தால் எனக்கு எவ்வளவு வசதி!

ஆடியில் உபதேசியார் சனத்தைக் கூட்டிக்கொண்டு மடு மாதா கோயில் திருவிழாவுக்குப் போனார். அவர் போவது தெரிந்ததும் நான் அலுமாரியைத் திறந்து, அந்த ஆகமத்தை இரண்டு தரம் வாய்க்குள் வாசித்துப் பழகினேன்.

"தம்பி, இண்டைக்கு நீங்கள் வாசியுங்கோவன்," என்றார் மாமா.

"மகளைக் கேளுங்கோ மாமா."

"அவள் வாசிச்சால் தண்டவாளத்திலை கோச்சி மாதிரி ஓடுவாள். நீங்கள் வாத்தியார்."

வாசித்தேன். குசினியில் சத்தம் நின்றது. அவள் வாசலுக்கு வந்ததை நிமிராமலே அறிந்தேன். குரலை இன்னும் கொஞ்சம் இறக்கினேன். தகப்பனின் கண்ணிலிருந்து வெண்படலம் உரிந்துவரும் இடம் வந்தது.

"மச்சான் இதிலை நிப்பாட்டுவார்," என்றாள் மெதுவாக. "அப்பா கண் துடைக்கிறவர்."

நிறுத்தினேன். மாமா துவாயால் கண்ணைத் துடைத்தார். பொறுத்திருந்து, அடுத்த வரிக்கு வாயெடுத்தேன்.

"இன்னும் கொஞ்சம்," என்றாள்.

உபதேசியார் எவ்வளவு நேரம் நிறுத்துவார் என்று கேட்க எனக்கு மனம் வரவில்லை.