டூடி கஜபதியின் சத்தியம்

முத்தாபுதுப்பேட்டை கஜபதியிடம் டீசலைப் பற்றி மட்டும் பேச்சுக் கொடுத்துவிடாதீர்கள். கொடுத்தால் அன்றைய பொழுது போச்சு. கந்தகத்தில் ஆரம்பித்து, பம்பு, நாசில் என்று போய், கடைசியில் டூடி ஆயிலில் வந்து நிற்பார். ஸ்கூட்டருக்கும் ஆட்டோவுக்கும் பெட்ரோலோடு கலந்து ஊற்றுவார்களே, அதே ஆயில்தான். நூறு லிட்டர் டீசலுக்கு அரை லிட்டர். இதில் ஒரு சொட்டுகூடக் குறையக் கூடாது என்பது அவர் கட்சி. ஆவடி லாரி ஸ்டாண்டில் அவருக்கு டூடி கஜபதி என்றே பெயர். கூப்பிட்டால் கோபித்துக்கொள்ள மாட்டார், உள்ளூரப் பெருமைதான்.

பெருமைக்குக் காரணம் இருந்தது. பதினைந்து வருஷத்துக்கு முன்னால் அவர் பூந்தமல்லி தசரதனிடம் சம்பளத்துக்கு லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். டீசலில் கந்தகத்தைக் குறைக்கிறார்கள், டீசல் வறண்டு போகிறது, பம்பு தேயும் என்று டிரைவர்களுக்குள் பேச்சு அடிபட்ட காலம். ஆயில் ஊற்றலாமா என்று கேட்டதற்கு, கண்டதையும் டேங்கில் ஊற்றினால் வேலையை விட்டுத் தூக்கிவிடுவேன் என்று தசரதன் எகிறினார். கஜபதி தலையை ஆட்டிவிட்டு வந்து, வழிச் செலவுக்குக் கிடைக்கும் தன் பேட்டா காசில் டூடி வாங்கித் திருட்டுத்தனமாக ஊற்றினார். காலி டப்பாவைப் பெட்ரோல் பங்கில் போட்டால் யாராவது போட்டுக் கொடுத்துவிடுவார்கள் என்று, காற்றை அழுத்தி வெளியேற்றி மூடியைத் திருகிவிடுவார். டப்பா அப்பளமாகத் தட்டையாகிவிடும். அதைக் கோணிப்பையில் போட்டு, டிரைவர் சீட்டுக்குப் பின்னால் படுக்கிற பலகைக்குக் கீழே தள்ளிவிடுவார். ரெண்டே வருஷத்தில் தசரதனின் மற்ற மூணு வண்டிகளும் பம்பு போய் ஒர்க்‌ஷாப் வாசலில் நின்றன. கஜபதி வண்டி மட்டும் கல்லுக்குண்டாட்டம் ஓடியது. பின்னால் தசரதன் தொழிலை மூடியபோது அந்த வண்டியையே கஜபதி வாங்கிக்கொண்டார்.

இந்தக் கதையை ஸ்டாண்டில் கேட்காத காது கிடையாது. அதிகமாகக் கேட்ட காது பச்சையப்பனுடையது. திருமுல்லைவாயில்காரர், கஜபதியைவிட நாலு வயசு இளையவர், எட்டு வருஷமாக அவரிடம் டிரைவர். கஜபதிக்கு முட்டி தேய்ந்துபோனபிறகு அம்பத்தூர் எஸ்டேட்டிலிருந்து ஓசூருக்குப் போகும் லோடெல்லாம் பச்சையப்பன்தான். உள்ளூர் ஓட்டம் மட்டும் கஜபதி. சொன்னதைச் செய்கிற மனுஷன். ஊற்று என்றால் ஊற்றுவார், ஏன் என்று கேட்க மாட்டார்.

பழைய வண்டி எஃப்சி என்கிற தகுதிச் சான்றுக்கு நிற்காமல் போனதும், மனைவி சரசா கழற்றிக் கொடுத்த நகையோடு கடனும் சேர்த்துப் புது லாரி வந்தது. அங்கேதான் சனி பிடித்தது. புது மாதிரி இன்ஜின். புகையே வராது. சைலன்சருக்குள் ஒரு ஃபில்டர் வைத்து, கரியைப் பிடித்து வைத்து அதுவே எரித்துக்கொள்ளுமாம். கஜபதிக்கு இதெல்லாம் காதில் ஏறவில்லை. புது வண்டியாயிற்றே, நன்றாக இருக்கட்டும் என்று முதல் நாளே அரை லிட்டருக்குப் பதில் முக்கால் லிட்டராக ஊற்றினார். நாலே மாதத்தில் ஃபில்டர் அடைத்துக்கொண்டு, டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரிந்தது. பிக்கப் போய், வண்டி மாட்டுவண்டி வேகத்துக்கு வந்துவிட்டது.

நசரத்பேட்டை தாண்டி இருக்கும் கம்பெனி சர்வீஸ் சென்டரில் வாரண்டி மேஜையில் மதிவதனி என்ற பெண் இருந்தாள். தஞ்சாவூர்ப் பக்கம், இங்கே வந்து ரெண்டு வருஷம்தான். டீசலில் ஏதாவது கலந்தீர்களா சார் என்று அவள் கேட்க, கஜபதி கலக்காமலா, பதினைந்து வருஷமாகக் கலக்கிறேன் என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்லி, தசரதன் கதையையும் ஆரம்பித்தார். அவள் முழுக்கக் கேட்டாள். பிறகு பொறுமையாகச் சொன்னாள்.

"கரியை வண்டியே எரிச்சுடும் சார். ஆயில் எரிஞ்சா சாம்பல்தான் மிஞ்சும். சாம்பலை யாரால எரிக்க முடியும்?"

ஒரு தடவை மன்னித்து இலவசமாகச் சுத்தம் செய்து தந்தார்கள். இனி டீசலில் எதையும் கலப்பதில்லை, கலந்தால் ஃபில்டருக்கு வாரண்டி கேட்பதில்லை என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். புது ஃபில்டர் விலையைக் கேட்டவருக்கு மயக்கமே வந்தது. மூணு மாதம் வண்டி ஓடினாலும் அதைச் சம்பாதிக்க முடியாது. ஆக, அந்த வாரண்டி ஒன்றுதான் அவர் குடும்பத்துக்கும் நடுத்தெருவுக்கும் நடுவில் இருந்தது.

கஜபதி நிறுத்தினார். சத்தியமாக நிறுத்தினார். அது என்ன லேசான காரியமா? பங்கில் டீசல் ஓடும்போது கை சும்மா இருக்காது, நமநம என்னும். இன்ஜின் ஆளைக் கூப்பிட்டு அழுவது மாதிரியே அவருக்குக் கேட்கும். வீட்டில் சோறு இறங்காமல் உட்கார்ந்திருப்பார். டேங்குக்குப் பதில் உங்க வாயில ஊத்திக்கோங்க என்று சரசா திட்டிவிட்டுப் போவாள். பச்சையப்பனிடமும் சொல்லிவிட்டார். எப்படிச் சொன்னார் என்பதில்தான் வினையே. வேண்டாவெறுப்பாக, முகத்தைத் திருப்பிக்கொண்டு, கம்பெனிக்காரன் ஊத்த வேணாங்கறான், நாமளும் ஊத்த வேணாம்னு சொல்லித்தானே ஆகணும் என்றார். பச்சையப்பன் சரி என்று தலையை ஆட்டினார்.

அதன் பிறகு சரியாக நாலு மாதம். போன செவ்வாய்க்கிழமை பட்டப்பகலில், பூந்தமல்லியில் மெட்ரோவுக்குத் தகரம் அடித்து ரோட்டைப் பாதியாக்கி வைத்திருக்கும் இடத்தில், மறுபடி அந்தப் பாழாய்ப்போன மஞ்சள் விளக்கு. வண்டி நகர மாட்டேன் என்கிறது. பின்னால் பஸ்காரன் ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை. பைக்கில் போன ஒருவன், வூட்லயே நிறுத்திக்கினு இருக்க வேண்டியதுதானே பெருசு என்று சொல்லிவிட்டுப் போனான். கஜபதிக்கு ஸ்டியரிங்கைப் பிடுங்கி எறியலாம் போல் வந்தது. ஊற்றினாலும் அடைக்கிறது, ஊற்றாவிட்டாலும் அடைக்கிறது, அப்புறம் என்ன எழவுக்கு வாயையும் கையையும் கட்டிக்கொண்டு கிடந்தேன் என்று தன்னையே திட்டிக்கொண்டு, ஊர்ந்து ஊர்ந்து நசரத்பேட்டை போய்ச் சேர்ந்தார். ஓசூர் லோடு ஏற்ற அம்பத்தூரில் காத்திருந்த பச்சையப்பனுக்குப் போன் போட்டு அங்கேயே வரச் சொன்னார்.

மதிவதனி பழைய கேள்வியையே கேட்டாள். கஜபதி வெடித்தார். உங்கள் வண்டி மட்டம், ஃபில்டர் மட்டம், பழியை மட்டும் டிரைவர் தலையில் போடுகிறீர்கள் என்று ஹால் முழுக்கக் கேட்கும்படி கத்தினார்.  சத்தம் அடங்கியதும் அவள், நிஜமாகவே ஊற்றவில்லையா என்று தணிந்த குரலில் கேட்டாள்.

"கையெய்த்து போட்ட நாள்லர்ந்து ஒரு சொட்டு ஊத்தலம்மா. திருவேற்காட்டு அம்மன் மேல ஆணையா சொல்றேன்."

 தலைமை ஆபீசில் ஒப்புக்கொள்ள மாட்டார்கள், ஆனாலும் நீங்கள் சொல்வதை நம்பி நானே எழுதுகிறேன் என்றாள். படிவத்தை எடுத்து, வாடிக்கையாளர் டீசலில் எதுவும் கலக்கவில்லை என்று தன் கையால் எழுதி, கீழே தன் கையெழுத்தையும் போட்டாள்.  கத்தியதற்காகக் கஜபதிக்கு வெட்கமாக இருந்தது.

அந்த நேரம் பார்த்து மெக்கானிக் ஒருவர் வந்து, ஜாக்கி எங்கே இருக்கிறது என்று கேட்டார். படுக்கிற பலகைக்குக் கீழே இருக்கும், எடுத்துக்கொள் என்று கஜபதியே சொன்னார். போனவர் திரும்பி வந்தபோது கையில் ஜாக்கி இல்லை, ஒரு கோணிப்பை இருந்தது. அதை மேஜைக்குப் பக்கத்தில் கவிழ்த்தார். டூடி ஆயில் டப்பாக்கள். காற்று போக அழுத்தி, மூடி திருகி, அப்பளமாகத் தட்டையாக்கிய டப்பாக்கள், முப்பதுக்குக் குறையாது.

கஜபதிக்கு ஒரு நிமிஷம் தன் மேலேயே சந்தேகம் வந்துவிட்டது. அது அவருடைய கை வேலை. அச்சு அசல் அவருடையது.  மதிவதனி பேனாவை எடுத்து, தான் எழுதிய வரியைக் குறுக்கே அடித்தாள். அதற்கு அவள் செருப்பால் அடித்திருக்கலாம் என்று அவருக்குத் தோன்றியது.

வாசலுக்கு வந்தார். பச்சையப்பன் அப்போதுதான் ஷேர் ஆட்டோவிலிருந்து இறங்கி, வண்டிக்கு இன்னா ஆச்சு என்று பதறிக்கொண்டு வந்தார். கஜபதி அவர் சட்டையைக் கொத்தாகப் பிடித்தார். ஊத்தாதேன்னு சொன்னேனா இல்லையாடா என்று உலுக்கினார். பச்சையப்பன் பிடியை விடுவித்துக்கொள்ளக்கூட முயலவில்லை.

"நீதானே அண்ணாத்தே அந்த தசரதன் கதைல சொல்லிக் குடுத்த. ஓனரு வேணாம்னுதான் சொல்லுவான், அவன் வாய் அப்படி, நீ பாட்டுக்கு ஊத்திக்கினே இரு, நடுரோட்ல நிக்கப்போறது அவன் இல்ல நாமன்னு. நீ இப்ப ஓனராச்சே, அதான் வேணாம்னு சொல்றன்னு நெனைச்சுக்கினேன்."

எந்தக் காசில் வாங்கினாய் என்று கேட்டார் கஜபதி.

"எம் பேட்டாலதான். ஒரு ட்ரிப்கூட வுட்டதில்ல. வண்டி நல்லா இருக்கணும்ல அண்ணாத்தே."

கஜபதியின் கை தானாகச் சட்டையை விட்டது. திட்டுவதற்கு ஆயிரம் வார்த்தை நாக்கு நுனியில் நின்றது, எதைச் சொன்னாலும் தன் மேலேயேதான் வந்து விழும். இவனை வேலையை விட்டுத் தூக்க வேண்டுமென்றால் தசரதன் முதலில் என்னைத் தூக்கியிருக்க வேண்டும் என்று நினைத்தார். கசங்கிய சட்டையை அவரே நீவிவிட்டு, போய் டீ குடி என்றார்.

உள்ளே மதிவதனி, வாசலில் நடந்ததைக் கண்ணாடி வழியே பார்த்துவிட்டு, படிவத்தின் கடைசிப் பகுதிக்கு வந்திருந்தாள். வாரண்டி ரத்தாவதற்குக் காரணம், கலந்தவர் பெயர். டிரைவர்தானே சார், அவர் பெயரைச் சொல்லுங்கள், உங்கள் மேல் தப்பில்லை என்றாவது பதிவாகட்டும் என்றாள். தெரியாமல் சத்தியம் செய்துவிட்டீர்கள், அவ்வளவுதானே என்றும் சொன்னாள்.

கஜபதி கண்ணாடிக்கு வெளியே பார்த்தார். பச்சையப்பன் டீக்குப் போகாமல், லாரி டேங்க் மூடி சரியாக மூடியிருக்கிறதா என்று திருகிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எம் பேரையே எய்திக்கோம்மா," என்றார் கஜபதி. "நான்தான் ஊத்தினேன். பதினஞ்சு வருசமா ஊத்தறேன்."