கட்டில்காரர்கள் எடுத்த வீடியோ

என் கணவரின் குரலைக் கேட்க வேண்டுமானால் இப்போது நான் செல்போனைத்தான் எடுக்க வேண்டும். அதில் ஒரே ஒரு வீடியோ இருக்கிறது. தில்லை நகரில் ஒரு மாடியில் சூடு கொடுக்கும் கட்டில்களைப் போட்டு உட்கார்ந்திருக்கிறார்களே, அந்தக் கடைக்காரர்கள் எடுத்தது. அவர்கள் சென்டர் என்பார்கள். எனக்குக் கடைதான்.

அவர் ஸ்ரீரங்கத்தில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வுக்குப் பிறகு அவருக்கு இருந்த ஒரே ஆசை, கோயிலில் பிரபந்தம் சேவிக்கும் கோஷ்டியில் உட்கார்ந்து எல்லோரோடும் ஆழ்வார் பாசுரம் சொல்வது. கருங்கல் தரையில் உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்ததில் முழங்கால் மக்கர் செய்தது. ஒருநாள் எழுந்திருக்க முடியாமல் பக்கத்தில் இருந்தவர்கள் தூக்கிவிட்டார்களாம். அன்று வீட்டுக்கு வந்தவர் சாப்பிடவே இல்லை.

அப்போதுதான் யாரோ இந்தக் கட்டிலைப் பற்றிச் சொன்னார்கள். இலவசமாகப் படுக்கலாம் என்றதும் நானும் கூடப் போனேன். முதுகுக்குக் கீழே சூடான கற்கள் உருண்டன. பொய் சொல்வானேன், சுகமாகத்தான் இருந்தது. அவருக்கும் முழங்கால் வலி கொஞ்சம் விட்டுக்கொடுத்தது. அதோடு நிறுத்தியிருந்தால் அந்தக் கடைக்கு ஒரு கும்பிடு போட்டிருப்பேன்.

ஆனால் அங்கே மைக் பிடித்த பெண் ஒருத்தி இருந்தாள். "இந்தக் கட்டில் ரத்தத்தைச் சுத்தம் பண்ணுதுங்க. பி.பி., சுகர் எல்லாம் தானா இறங்கிடும். மாத்திரைதாங்க உடம்பைச் சோம்பேறியாக்குது" என்பாள். பிறகு ஒவ்வொருவராக எழுந்து தங்களுக்கு என்னென்ன குணமானது என்று சொல்வார்கள். எல்லோரும் கை தட்டுவார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவர் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருப்பார்.

தினமும் போட்டுக்கொண்டிருந்த பி.பி. மாத்திரையை நிறுத்தப்போவதாக ஒருநாள் சொன்னார்.

"ஏன்னா, டாக்டரை ஒரு வார்த்தை கேளுங்கோளேன்."

"நாலு பேர் நடுவுல நின்னு அவாவா அனுபவத்தைச் சொல்றா. அதைப் போய்ப் பொய்ங்கறியா?"

அனுபவம் என்ற சொல்லுக்கு எங்கள் வீடுகளில் தனி மரியாதை. ஆழ்வார்கள் பாடியது அனுபவம், பெரியவர்கள் சொல்லிப்போனது அனுபவம். பள்ளிக்கூடத்தில் விடை சரியாக இருந்தாலும் வழியைக் காட்டு என்று பிள்ளைகளை நிற்க வைத்த மனுஷர், அங்கே யாரிடமும் வழி கேட்கவில்லை. நான் கத்திப் பார்த்தேன், அழுதும் பார்த்தேன். ஒன்றும் நடக்கவில்லை, மாத்திரை நின்றது.

பிறகு அவரையே எழுந்து பேசச் சொல்லி அந்த வீடியோவை எடுத்தார்கள்.

அதற்கப்புறம் ஒரு காலையில் கண்ணாடி முன்னால் திருமண் இட்டுக்கொண்டிருந்தார். கோடு கோணலாக இறங்கியது. அழித்துவிட்டு மறுபடி இடுவார் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். இடவில்லை. என்னைப் பார்த்து ஏதோ சொல்ல வாயைத் திறந்தார், சத்தம்தான் வந்தது, சொல் வரவில்லை. பக்கவாதம். பி.பி. எக்கச்சக்கமாக ஏறியிருந்தது என்றார் டாக்டர். எந்தக் கட்டிலும் அதை இறக்கும் என்பதற்கு ஆதாரம் கிடையாது என்றும் சொன்னார். வலது கை போயிற்று, பேச்சும் போயிற்று.

அவர் குரலை வேறெங்காவது பிடிக்கலாமா என்று தேடினேன். கோஷ்டியில் தனிக்குரல் என்று ஒன்று கிடையாது, எல்லோரும் சேர்ந்துதான் சேவிப்பார்கள். எங்கள் பெண்ணின் கல்யாண வீடியோவில் அவர் வாய் அசைகிறது, கேட்பதென்னவோ நாதஸ்வரம்தான்.

போன மாதம் எதிர்வீட்டு மாமி வெளியூரிலிருந்து போன் செய்தாள். "மாமா எவ்வளவு நன்னாப் பேசியிருக்கார்! அந்த வீடியோவை யாரோ அனுப்பினா. வந்ததும் எங்காத்துக்காரரையும் அழைச்சுண்டு போகப்போறேன்" என்றாள். நடந்ததைச் சொன்னேன். மாமி அழுதாள்.

அன்றே தில்லை நகர் போய்க் கத்தினேன். அந்த மைக் பெண் என்னை உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தாள். "நாங்க மாத்திரையை நிறுத்தச் சொல்லலையேம்மா. ஐயாவேதானேங்க சொல்லியிருக்காங்க" என்றாள். வீடியோவை நீக்கிவிடுவதாகவும் சொன்னாள். ஊரெல்லாம் போனது போனதுதான்.

என் போனிலிருந்தாவது அழித்துவிடலாம் என்று வீட்டுக்கு வந்து உட்கார்ந்தேன். அழிப்பதற்கு முன்னால் ஒரு தடவை கேட்போமே என்று போட்டேன். "அடியேன் ஸ்ரீரங்கம்" என்று ஆரம்பிக்கிறார். வகுப்பின் கடைசி பெஞ்சுக்கும் எட்டும் அந்தப் பழைய குரல். அந்த இடத்திலேயே நிறுத்தினேன். அதற்குமேல் வருவதைக் கேட்க எனக்குத் தெம்பில்லை.

அவர் படுக்கையிலிருந்து இடது கையை நீட்டினார். போடு என்று விரலால் காட்டினார். போட்டேன். "மாத்திரையெல்லாம் விட்டுட்டேன். இப்போ நன்னா இருக்கேன்" என்றது போன். கோஷ்டியில் செய்வதுபோலக் கண்ணை மூடிக்கொண்டு, அவரும் கூடவே உதட்டை அசைத்துக்கொண்டிருந்தார்.