பண்டாரவளையில் ஒரு கேள்வி நேரம்

போன வாரம் கொழும்பில் ஒரு சட்டபீடத்தில் ஆய்வரங்கு. பழைய விரிவுரையாளர் என்ற மரியாதைக்கு என்னையும் கூப்பிட்டு முன்வரிசையில் உட்கார வைத்தார்கள். கட்டுரை வாசித்த பெண் கெட்டிக்காரி. திரையில் பக்கம் பக்கமாகக் காட்டி விளக்கினாள். திடீரென்று மணி அடித்தது. ‘கேள்விகளுக்கு நேரமில்லை’ என்றார் தலைவர். கைதட்டிவிட்டு எல்லோரும் சாப்பாட்டுக்குப் போய்விட்டார்கள்.

கேள்வியே இல்லாமல் ஓர் ஆய்வுக் கட்டுரையா? எனக்குச் சோறு இறங்கவில்லை. மனசு பண்டாரவளைக்குப் போய்விட்டது...

ஐம்பதுகளின் நடுப்பகுதி. கொழும்பில் சட்டம் கற்பித்துக்கொண்டிருந்த நாங்கள் ஆறு பேர், சித்திரை விடுமுறை வந்தால் வெயிலுக்குத் தப்பி பண்டாரவளைக்கு ரயிலேறிவிடுவோம். அங்கே ஒரு பழைய பங்களாவை வாடகைக்குப் பிடிப்போம். பூச்சி உருண்டை மணக்கும் ஸ்வெட்டர்கள், வெலிமடை லீக்ஸ் போட்ட சூப், ஜன்னலைத் திறந்தால் உள்ளே வந்துவிடும் பனி. காலையில் ஒருவர் கட்டுரை வாசிப்பார். மற்ற ஐவரும் அதைக் கிழிப்பார்கள். கட்டுரை ஆங்கிலத்தில்தான். சண்டை சூடு பிடித்தால் தமிழும் சிங்களமும் தானாக வரும்.

கிழிப்பதில் மன்னன் எங்கள் தலைவர் நமசிவாயம் சேர். யாழ்ப்பாணத்துக்காரர். அவரிடம் தப்பித்த கட்டுரையை நான் பார்த்ததில்லை.

எங்களில் இளையவர் ஞானமுத்து. தெமோதரைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் பிறந்தவர். ஒரு பாதிரியாரின் உதவியால் திருச்சிக்குப் போய்ப் பட்டம் பெற்று, திரும்பி வந்து சட்டமும் முடித்து எங்களோடு சேர்ந்தவர். இதையெல்லாம் என்னைத் தவிர மற்றவர்களிடம் அவர் சொல்லிக்கொண்டதில்லை. அந்த வருடம் அவருக்கு முதல் கட்டுரை. ரயிலில் என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். ரயில் அப்புத்தளையைத் தாண்டியது. பிறகு மெதுவாகச் சொன்னார்:

“என் பிரஜாவுரிமை மனுவைத் தள்ளிட்டாங்க.”

“ஏன்?”

“இந்த நாட்டுல தொடர்ந்து குடியிருக்கலையாம். திருச்சியில படிச்ச வருசமெல்லாம் நாட்டை விட்டுப் போனதா கணக்காம். லயத்துல என் பாய் சுருட்டி வச்ச இடத்துலயே இருந்துச்சுங்க. நான் எங்க போனேன்?”

இந்திய வம்சாவளித் தோட்டத் தமிழர்கள், இலங்கையிலேயே பிறந்திருந்தாலும், மனுப் போட்டுத்தான் பிரஜையாக முடிந்த காலம் அது. மேன்முறையீட்டுக்குக் கொஞ்ச நாளே பாக்கி. அதிலும் தோற்றால் வேலை போகலாம். நாடும் போகலாம்.

“கட்டுரையும் இதைப் பத்தித்தான். ஆனா என் பேரு வராது. நீங்களும் சொல்லிடாதீங்க. பாவம்னு பார்ப்பாங்க... அது எனக்கு வேணாம்.”

மறுநாள் வாசித்தார். ‘ஏ’ என்று ஒரு மனிதன். லயத்தில் பிறக்கிறான், படிப்புக்காகக் கடல் கடக்கிறான், திரும்பி வருகிறான். அவன் வீடு எது? நல்ல கட்டுரை.

நமசிவாயம் சேர் சுருட்டை வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

“தம்பி, உமக்கு வசதியா ஒரு ஆளைச் செய்து வைச்சிருக்கிறீர். லயத்திலை பிறந்து, திருச்சியிலை படிச்சு, பிறகு சட்டமும் படிச்சு... உப்பிடி ஒருத்தன் எங்கை இருக்கிறான்? அவன் கட்டுரைக்காகப் பிறந்தவன்!”

எல்லோரும் சிரித்தார்கள். நான் தரையைப் பார்த்தேன்.

“கட்டுரைக்காகப் பிறக்கலைங்க சேர்,” என்றார் ஞானமுத்து. “எங்க அம்மாவுக்குத்தான் பிறந்தேன்.”

சிரிப்பு நின்றது. சேர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். இனி ஆறுதல் வார்த்தைகள் வரப்போகின்றன, ஞானமுத்து எழுந்து போய்விடப் போகிறார் என்று நான் பயந்தேன்.

“அப்ப விசயம் இன்னும் மோசம்,” என்றார் சேர். “உந்தக் கட்டுரையோடை கோட்டுக்குப் போனால் உம்மை நிண்ட நிலையிலை முடிச்சுப்போடுவாங்கள். இரும். முதலிலை இருந்து வாசியும்.”

அந்த விடுமுறையில் வேறு யாரும் கட்டுரை வாசிக்கவில்லை. எங்களுடையவை பெட்டிக்குள்ளேயே கிடந்தன. ஆளுக்கொரு நாள் அரசாங்கத் தரப்பு வக்கீலாக மாறி ஞானமுத்துவைக் குடைந்தோம். ஒருநாள் கோபத்தில் கத்திவிட்டு வெளியே போனார். கொஞ்ச நேரத்தில் வறுத்த கடலையோடு திரும்பி வந்து, “சரி, கேளுங்க” என்று உட்கார்ந்தார். பாவம் பார்க்க எங்களில் ஒருவருக்கும் நேரமில்லை!

வழக்கில் ஆஜரானது நமசிவாயம் சேர்தான். பல வருடம் பெட்டியில் கிடந்த கறுப்பு அங்கியை எடுத்து மாட்டிக்கொண்டார். நீதியரசர் கேட்ட ஒவ்வொரு கேள்வியும் பண்டாரவளையில் நாங்கள் ஏற்கனவே கேட்டதுதான். ஞானமுத்து இலங்கைப் பிரஜை ஆனார்.

முகத்துக்கு நேரே ‘தப்பு’ என்று சொல்ல ஐந்து பேர் இருப்பது எவ்வளவு பெரிய பாக்கியம்! இப்போது கைதட்டத்தான் ஆட்கள் கிடைக்கிறார்கள்.

அடுத்த சித்திரையில் ஞானமுத்து எங்களைத் தன் லயத்துக்கு அழைத்துப் போனார். தோட்டத்துக் கிளாக்கர் வீட்டிலிருந்து நாற்காலிகள் வந்திருந்தன. அவர் அம்மா இஞ்சி தட்டிப் போட்டுத் தேநீர் கொடுத்தார். அப்பா சவரிமுத்து உட்காரவே இல்லை. காலமெல்லாம் தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டிக் காய்த்துப்போன கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார்.

“எம் மகனுக்காகப் பேசினீங்க. நல்லா இருப்பீங்க,” என்றார். “என் மனுவையும் தள்ளிட்டாங்க ஐயா. நான் எங்கயும் படிக்கப் போகலைங்களே... பதுளைக்கு அந்தப் பக்கம்கூட போனதில்லைங்க. எனக்கு என்னன்னு பேசுவீங்க?”

அவருக்குப் பிறப்புப் பதிவு இல்லை. மேன்முறையீட்டு நாளும் எப்போதோ கடந்துவிட்டது. எல்லாக் கேள்விக்கும் பதில் வைத்திருந்த நமசிவாயம் சேர், கோப்பையைக் கீழே வைத்துவிட்டு எழுந்து அந்தக் கைகளைப் பிடித்துக்கொண்டார். “நான் எழுதிப் பாக்கிறன், ஐயா” என்று மட்டும் சொன்னார்.

எழுதினார். பல வருடம் எழுதினார். ஒன்றும் நடக்கவில்லை. எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாதவராகவே சவரிமுத்து கண்ணை மூடினார்.

அவர் வளர்த்த தேயிலை மட்டும் ‘சிலோன்’ என்று பெயர் போட்டுக்கொண்டு உலகமெல்லாம் போய் வந்தது.