மரத்துப்போன மூன்று விரல்கள்

காலை பத்தே முக்கால் மணி. மூன்று மாதப் பேத்தியைக் குளிப்பாட்டித் துவட்டி மகளிடம் நீட்டினேன். வாங்கிய வேகத்தில் அவள் வலது கை தளர்ந்தது. குழந்தை வழுக்கி மடியில் விழுந்தது. மடியில்தான். ஆனாலும் கத்தினேன்.

"இன்னாடி உனுக்கு? போனு புடிக்கத் தெரியுது, பெத்த புள்ளய புடிக்கத் தெரியலியா?"

"கை மரத்துப் போவுதும்மா. மூணு விரலும் என்னுது மாதிரியே இல்ல."

பத்து நாளாகவே இதைச் சொல்லிக்கொண்டிருந்தாள். விடியும்போது எழுந்து உட்கார்ந்து கையை உதறுவாள். அது புளிக் காலம். கூடம் முழுக்கப் பழம் குவிந்து கிடந்தது. "சும்மா வெச்சிருந்தா கை மரத்துதான் போவும்" என்று, பழத்தை இறுக்கிப் பிடித்துத் தட்டிக் கொட்டை எடுக்கும் வேலையில் அவளை உட்கார வைத்தவள் நான். அவளோ பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்துகிறவள்.

அன்று அதோடு நிற்கவில்லை. சம்பந்தியம்மாவுக்குப் போன் செய்து, "உங்க மருமவ கையில கொழந்தய குடுக்கவே பயமா இருக்கு அண்ணி" என்றேன். மகள் கேட்டுக்கொண்டிருந்தாள். அதன் பிறகு பால் கொடுக்கும் நேரம் தவிர அவள் குழந்தையைக் கேட்கவில்லை.

எங்கள் மலையூருக்கு வந்த நர்ஸ் அவள் கையைப் பார்த்துவிட்டு, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார். மறுநாள் பஸ் பிடித்து மலையிறங்கினோம். கைக்கு ஸ்கேன் என்றதும், "ஸ்கேன் வயித்துக்குத்தானே எடுப்பாங்க?" என்று உளறினேன். டாக்டரம்மா சிரிக்கவில்லை. மணிக்கட்டில் ஜெல்லைத் தடவி, கருவியை மெல்ல நகர்த்தினார்.

"இதோ, இதுதான் நரம்பு. முன்கையில மெலிசா வருது பாருங்க. மணிக்கட்டுல ஒரு குறுகலான வழியில நுழையுற எடத்துல உப்பிப்போச்சு. அங்க நசுங்குது, அதான் விரல் மரத்துப்போவுது. பிரசவ சமயத்துல உடம்புல நீர் கோத்தா சில பேருக்கு இப்படி வரும்."

அந்தச் சாம்பல் நிறப் படத்தில் எனக்குத் தெரிந்தது ஒரு சின்னக் கரும்புள்ளி. பத்து நாளாக அவள் வாயால் சொன்னதை நம்பாத நான், அந்தப் புள்ளியை உடனே நம்பினேன்.

"கையை இறுக்கிப் புடிக்கிற வேலை எதாச்சும் செஞ்சீங்களா?"

மகள் என்னைப் பார்க்காமலே சொன்னாள்: "வூட்டு வேலதாங்க."

என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. அடித்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது. அவளைப் புளி தட்ட வைத்ததை நானே டாக்டரம்மாவிடம் சொன்னேன். மணிக்கட்டு மடங்காமல் இருக்கப் பட்டை போடச் சொன்னார். அழுத்தும் வேலை கூடாது, பெரும்பாலும் சில மாதத்தில் சரியாகும், ஆகாவிட்டால் வேறு வைத்தியம் உண்டு என்றார்.

வீடு திரும்பியபோது செங்கத்திலிருந்து வந்த சம்பந்தியம்மா வாசலில் உட்கார்ந்திருந்தார். என் போனுக்குப் பதறி வந்தவர். குழந்தை என் தோளில் இருந்தது. நடந்ததையெல்லாம், புளியையும் சேர்த்து, தலைகுனிந்து சொன்னேன். அவர் மருமகளின் பட்டை போட்ட கையைத் திருப்பிப் பார்த்தார்.

"உம் மாப்ள பொறந்தப்ப எனக்கும் இதே கதிதான் அண்ணி. சோம்பேறின்னாங்க. கொழந்தய அவ கையிலயே குடு. அடியில நான் கை வெச்சிக்கிறேன்."